கடலில் தூண்டில் போட முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஈசிஆர் பக்கம் ஃபைபர் படகில் ஏற்றிக்கொண்டு போய், பாரையும் வஞ்சிரமும் பிடிக்க வைக்கிறோம் என்று இன்ஸ்டாகிராமில் ஆள் சேர்ப்பவர்கள் இப்போது நிறைய. அப்படி ஒருவரிடம் 12,000 ரூபாய்க்குப் பேசிப் போன நாங்கள், வேறொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்ததால்தான் கரை சேர்ந்தோம். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரும் ஊரும் இங்கே இல்லை. ஆனால் இந்த வியாபாரத்தில் பலருடைய பாணி ஒன்றுதான், விவரத்தைப் படித்தாலே அடையாளம் தெரிந்துவிடும்.

போனது ஜூலை மாதம். நான், அலுவலக நண்பர், அவருடைய 14 வயது மகன். பையன் கடலில் தூண்டில் போட்டதே இல்லை என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். "பிகினர்ஸ்தான் ப்ரோ நம்மகிட்ட அதிகம், எல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்று பதில் வந்தது. தனிப் படகு, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், ஃபிஷ் ஃபைண்டர் (தண்ணீருக்கடியில் மீன் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி), லைசென்ஸ் உள்ள கேப்டன் என்று வாட்ஸ்அப்பில் எழுத்துபூர்வமாகவே கொடுத்தார்கள். முன்பணம் 6,000, யாரோ ஒரு தனிநபரின் ஜிபே எண்ணுக்குப் போனது. ரசீது கிடையாது.

விடிகாலையில் போய் நின்றால், எங்கள் "தனிப் படகில்" ஏற்கெனவே முன்பின் தெரியாத மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். படகுக்காரரோடு சேர்த்து ஏழு பேர். ஜாக்கெட் நான்கு. அதில் ஒன்றுக்கு பக்கிள் உடைந்து நைலான் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தது. இன்னொன்று நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்கு மாட்டிவிடும் ரகம், காற்றடைத்தது. ஃபிஷ் ஃபைண்டர் இருந்தது, வயர்தான் இல்லை. ஏற்பாடு செய்தவர் ஆளே வரவில்லை. போனில் பிடித்தால், "ஏறலைன்னா முன்பணம் திரும்ப வராது ப்ரோ, மீதியும் தரணும்" என்கிறார். சத்தம் போட்ட பிறகு ஊருக்குள் யார் வீட்டிலிருந்தோ மூன்று ஜாக்கெட் வந்து சேர்ந்தது. நிஜமான ஜாக்கெட் மூன்று அந்த ஊரிலேயே இருந்திருக்கிறது, கேட்டால்தான் வரும் போல.

"கேப்டன்" என்றவர் அன்றைக்குக் கூலிக்கு வந்த ஊர்க்காரர். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. லைசென்ஸ் பற்றிக் கேட்டதும் சிரித்துவிட்டு, "இது மீன்பிடி போட்டு சார்" என்றார். விஷயமே அங்கேதான் இருக்கிறது. மீன்பிடிக்கப் பதிவு செய்த படகு, காசு வாங்கி ஆளேற்ற அனுமதி பெற்ற படகு ஆகிவிடாது. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில், மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய உல்லாசப் படகு கவிழ்ந்து அங்கேயும் 22 பேர். இரண்டிலும் அளவுக்கு மீறி ஆளேற்றியிருந்தார்கள்.

கடலைப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. "குளம் மாதிரி கிடக்கு பாருங்க" என்று அனுப்பிய வீடியோ பொய்யும் இல்லை. ஆனால் புதிதாகப் போகிறவர்களுக்கு இந்த இடத்தை யாரும் விளக்குவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் நம் கிழக்குக் கரையில் காலையில் பெரும்பாலும் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று. தரையிலிருந்து கடலுக்குள் வீசும். அலையை எழுப்ப அதற்குக் கரையோரத்தில் தூரம் போதாது, அதனால் கரைப்பக்கம் தட்டையாகத் தெரியும். உள்ளே போகப் போகத்தான் கடல் கலங்கும். இன்ஜின் நின்றால் அதே காற்று படகை வெளியேதான் தள்ளும், கரைக்குத் தள்ளாது. அமைதியாகத் தெரிகிற அந்தக் காலைதான் ஒற்றை இன்ஜின் படகுக்கு மோசமான காலை.

எங்களுக்கு நடந்தது அப்படியே அதுதான். பையன் ஒரு சீலா மீனைப் பிடித்து ஏற்றி முடித்திருந்தான். அடுத்த இடத்துக்குப் போகும்போது அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் இன்ஜின்) இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. படகுக்காரர் டேங்க் மூடியில் காற்றுத் திருகைப் பார்த்தார், திறந்துதான் இருந்தது. பெட்ரோல் குழாயில் இருக்கும் ரப்பர் பல்பை அமுக்கிப் பார்த்தார். ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றி ஒரு டீ கிளாஸில் ஊற்றினார். பெட்ரோலுக்கு அடியில் தண்ணீர் தனியாக, கண்ணுக்குத் தெளிவாக நின்றது. மாற்று ஃபில்டர் இல்லை, பிளக் இல்லை, வேறு டேங்க் இல்லை. "போன வாரமே சொன்னேன் சார்" என்றார். யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

நங்கூரம் போட்டார். 15 பாகம் தண்ணீர், அதாவது ஏறக்குறைய 90 அடி. கயிறு ஆழத்துக்கே சரியாக இருந்தது. நங்கூரம் தரையில் படுத்துக் கவ்வ வேண்டுமென்றால் ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது கயிறு விட வேண்டும். எங்களுடையது தரையைத் தட்டித் தட்டிக் கூடவே வந்தது. கடைசியில் மீன் கூடையையும் ஒரு தார்ப்பாயையும் சேர்த்துக் கட்டி அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்பக்கத்திலிருந்து, தண்ணீரில் விட்டார். அது இழுத்துப் பிடித்ததில் படகு அலைக்கு நேராகத் திரும்பியது. "அணியம் அலையைப் பாத்தே இருக்கணும் சார், பக்கவாட்டுல வாங்கினா கவுத்துடும்." எல்லாரையும் நடுவில் கீழே உட்காரச் சொன்னதும் அவர்தான். அந்த மனிதர் இல்லையென்றால் இந்தப் பதிவு வேறு மாதிரி இருந்திருக்கும்.

சிக்னல் விட்டுவிட்டு வந்தது. அவருடைய சித்தப்பா மகன் வேறு படகில் வந்து இழுத்தார். அவர் எங்களிடம் கேட்டது பெட்ரோல் காசு மட்டும், கையோடு கொடுத்துவிட்டோம். கரையில் ஏற்பாட்டாளரின் மெசேஜ் காத்திருந்தது: மீதி 6,000, அதோடு "டோயிங் சார்ஜ்" 4,000. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "கடல்னா அப்படித்தான், இயற்கை" என்றார். பெட்ரோலில் தண்ணீர் கலந்ததும் இயற்கையாம்.

போகிறவர்கள் போங்கள், கடல் தூண்டில் அருமையான விஷயம். ஆனால் பணம் அனுப்பும் முன் படகின் பதிவு எண் தெரியும் புகைப்படம், ஏறப்போகும் ஆள் எண்ணிக்கை, இரண்டாவது இன்ஜின் உண்டா இல்லையா, எந்தத் துறையின் அனுமதி என்பதைக் கேளுங்கள். இழுத்தடித்தால் விட்டுவிடுங்கள். ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டிப் பூட்டி, அதன் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேறொருவரிடம் சொல்லுங்கள். காது வரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. விசில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்காய்ஸ் (கடல் நிலவரம் சொல்லும் மத்திய அரசு நிறுவனம்) தளத்தில் அலை உயரம் பார்ப்பவர்களுக்கு ஒன்று: அதில் வருவது உச்ச உயரம் அல்ல, வரும் அலைகளிலேயே உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. 1.5 மீட்டர் என்று போட்டிருந்தால் நடுவில் 2.5 மீட்டருக்கு மேலும் ஒன்றிரண்டு வரும். காற்று மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டால் வெள்ளை நுரை எங்கும் தெரிய ஆரம்பிக்கும், புதியவர்களுக்கு அன்றைக்குக் கரைத் தூண்டிலே போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாது. அப்போது நடுக்கடலில் நின்றுபோனால் உதவிக்கு வரும் படகும் குறைவு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இரண்டையும் போனில் ஏற்றிவிட்டு, போனை ஜிப் கவரில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள்.

நாங்கள் மீதிப் பணம் கொடுக்கவில்லை. முன்பணத்துக்காக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். வாட்ஸ்அப் உரையாடலும் ஜிபே விவரமும்தான் கையில் இருக்கும் ஆதாரம். இதற்குள் அந்த இன்ஸ்டாகிராம் பக்கத்தின் பெயர் மாறிவிட்டது. வீடியோக்கள் அதேதான், கட்டணம் மட்டும் 14,000 ஆகியிருக்கிறது. இதே மாதிரி ஏமாந்தவர்கள் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாமல், அதே எண்ணில் புகார் பதியுங்கள்.