1800 ஆர்பிஎம்முக்குக் கீழே ஒரு டர்போ பெட்ரோல்

2025 செப்டம்பர் 22-லிருந்து சின்ன பெட்ரோல் கார்களுக்கு, அதாவது 1200 சிசிக்கும் நாலு மீட்டர் நீளத்துக்கும் உட்பட்டவைக்கு, வரி 29 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அன்றிலிருந்து மச்சான் என்னை விடவில்லை. "சாதா இன்ஜின் விலைக்கு இப்போ டர்போவே வருது மாப்ள, எடுத்துடவா?" என்கிறார். சில வருடங்களாக நான் ஓட்டுவது அந்த வகைதான்: ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ பெட்ரோல், மேனுவல் கியர். டர்போ என்பது இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி. அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

மைலேஜ், சீட், பூட் பற்றியெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு ஒரே குறை. தினமும் அது என்னைக் கடுப்பேற்றுகிறது.

சேலத்தில் எங்கள் தெருவைத் தாண்டினால் பள்ளிக்கூடம், அதன் வாசலில் ஸ்பீடு பிரேக்கர். இரண்டாவது கியரில் ஏறி இறங்கும்போது ஆர்பிஎம் முள், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டுவது, 1300-ல் நிற்கும். ஏசி ஓடுகிறது, பின் சீட்டில் ஆள் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி நகர மறுக்கிறது. மூன்று சிலிண்டரின் அதிர்வு மட்டும் ஸ்டியரிங்கில் தெரிகிறது. பின்னாலிருந்து ஆட்டோ ஹாரன் அடிக்கிறது. இன்னும் கொஞ்சம் மிதிக்கிறேன். 1800 தாண்டியதும் மொத்த இழுவையும் ஒரேயடியாக வந்து, முன்னால் போகும் டூவீலருக்கு மிக அருகில் கொண்டுபோய் விடுகிறது. உடனே பிரேக். சரி, முதல் கியருக்கு மாற்றினால் தலை முன்னும் பின்னும் ஆடுகிறது. அந்த வேகத்துக்கு எந்தக் கியரும் பொருந்துவதில்லை.

சர்வீஸில் சொல்லிப் பார்த்தேன். காற்றுக் குழாய்களில் கசிவு இல்லை என்று பார்த்துவிட்டு, "டர்போன்னா இப்படித்தான் சார்" என்று அனுப்பிவிட்டார்கள். அது பாதி உண்மை. மீதியையும் சொல்ல வேண்டாமா?

டர்போவில் இருக்கும் டர்பைன் என்ற சக்கரத்தைச் சுழற்றுவது இன்ஜினிலிருந்து புகைப்போக்கிக்குப் போகும் வாயு. ஒரு லிட்டர் இன்ஜின் 1500 ஆர்பிஎம்மில் முழு மூச்சு இழுத்தாலே நிமிடத்துக்கு 750 லிட்டர் காற்றுதான். குறைவாக மிதித்தால் அதைவிடவும் குறைவு. அந்த வாயுவுக்கு டர்பைனை வேகமாகச் சுற்றும் தெம்பு கிடையாது. அதனால் அந்த இடத்தில் நம் கையில் இருப்பது டர்போ இல்லாத ஒரு லிட்டர் இன்ஜின்தான்.

அப்படியானால் 1750-லேயே 170 நியூட்டன் மீட்டர் இழுவை என்று கையேட்டில் போடுகிறார்களே, அது பொய்யா? பொய்யில்லை. டைனோ என்ற சோதனை மேடையில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, ஆர்பிஎம்மை அங்கேயே பிடித்து வைத்து, டர்போ சுற்றி ஒரு நிலைக்கு வந்த பிறகு அளந்த எண் அது. ஸ்பீடு பிரேக்கரில் நாம் காலை எடுத்துவிட்டு வருகிறோம். டர்பைன் ஏற்கெனவே ஓய்ந்திருக்கும், மறுபடி எழ நேரம் கேட்கும். விற்பவர்கள் அந்த எண்ணை மட்டும் காட்டி, இந்த இடைவெளியைச் சொல்லாமல் விடுவதுதான் என் கோபம்.

டீசலில் டர்பைனைச் சுற்றியுள்ள இறக்கைகளைத் திருப்பி, குறைந்த வாயுவையும் வேகமாகப் பாய்ச்சும் டர்போ சாதாரணமாகவே வருகிறது. பெட்ரோலின் வாயு அதைவிடச் சூடு, ஆயிரம் டிகிரியைத் தொடும். அதைத் தாங்கும் உலோகம் விலை அதிகம். நம் பட்ஜெட் காரில் எதிர்பார்க்க முடியாது, அது நியாயமே.

அப்புறம் ஒன்று: எரிச்சலில் நாலாவது கியரில் 1200-ல் வைத்து முழுசாக அழுத்தாதீர்கள். குறைந்த ஆர்பிஎம்மில் பாரம் ஏற்றினால், சிலிண்டருக்குள் நேரடியாக எரிபொருள் பீய்ச்சும் டர்போ இன்ஜின்களில் பிளக் பொறி வைக்கும் முன்பே கலவை பற்றிக்கொள்ளலாம். பிஸ்டனே உடைந்த கதைகள் உண்டு. ஏபிஐ எஸ்பி என்ற தரக் குறியீடு உள்ள இன்ஜின் ஆயிலுக்கு இதற்கென்றே சோதனை இருக்கிறது. கையேட்டில் சொன்ன ஆயிலைத் தவிர வேறு ஊற்ற விடாதீர்கள்.

இதே வண்டியை ஏற்காட்டுக்கு ஏற்றிப் பாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு. மூன்றாவது கியரில் 2200-க்கு மேல் வைத்திருந்தால் நாலு பேரும் சாமானும் இருப்பதே தெரியாது. லாரியைத் தாண்ட கியர் குறைக்க வேண்டியதில்லை. பாதம் அசைந்தால் போதும், இழுத்துக்கொண்டு போகிறது. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. சாதா இன்ஜின் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் சக்தியை இழக்கும். டர்போ இன்னும் வேகமாகச் சுற்றி அதை ஈடுகட்டிவிடுகிறது. 1500 மீட்டர் உயரத்திலும் அடிவாரத்தில் இருந்த அதே தெம்பு. அந்தச் சாலையில் இதைவிட நல்ல சின்ன இன்ஜினை நான் ஓட்டியதில்லை.

ஆனாலும் மச்சானுக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவர் கடைக்கும் மார்க்கெட்டுக்கும் இடையே நாள் முழுக்க முதல் கியரிலும் இரண்டாவதிலும் ஓட்டுபவர். ஏற்காடு வருடத்துக்கு ஒரு தடவை. டர்போதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக், அதாவது கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும் வகை, எடுக்கட்டும். அதில் சக்கரம் மெதுவாகச் சுற்றும்போதே இன்ஜின் தாராளமாக 2000-க்கு ஏறிக்கொள்ளும், 1800-க்குக் கீழே வரும் அந்த மந்தம் மறைந்துவிடும். மேனுவல் என்றால், டெஸ்ட் டிரைவுக்கு பைபாஸ் பக்கம் கூட்டிப் போவார்கள், போகக் கூடாது. நாலு பேரை ஏற்றி, ஏசியைப் போட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடத் தெருவில் இரண்டாவது கியரில் பத்து கிலோமீட்டர் வேகத்திலிருந்து மிதித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.