போடியில் ஜீப் ஹேண்ட் பிரேக் வேலை: இங்கே நம்பி விடலாம்

பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்றால் இந்தப் பட்டறையில் நம்பி வண்டியை விடலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே எழுதப்போவது கொஞ்சம் நீளம். நேரம் இருப்பவர்கள் முழுதும் படியுங்கள், வேறு எங்கே வேலை செய்தாலும் என்ன கேட்க வேண்டும் என்றாவது தெரிந்துகொள்ளலாம்.

என் வண்டி பழைய மகிந்திரா சிஜே ஜீப், டீசல், ஃபோர் வீல். போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்கு உரமூட்டை, மருந்து டிரம், தண்ணீர் மோட்டார், ஆட்கள் என்று எல்லாம் ஏற்றிப் போகும் வண்டி. தார் ரோட்டில் போகும் வரை ஹேண்ட் பிரேக்கைப் பற்றி யாரும் பெரிதாக நினைப்பதில்லை. மெயின் ரோட்டை விட்டுத் தோட்டத்துப் பாதையில் ஏறினால் கதையே வேறு. கல்லும் சேறுமாக இருக்கிற ஏற்றத்தில் பாதியில் நிறுத்தித்தான் மூட்டை இறக்க வேண்டியிருக்கும், இறக்குகிறவர்கள் வண்டிக்கு நேர் பின்னால்தான் நிற்பார்கள். அந்த நேரத்தில் அவர்கள் உயிருக்குப் பொறுப்பு இந்த ஒரு பிரேக்தான். டயருக்கு அடியில் கல் வைக்கிறோம், சரி, மழை பெய்து ஊறிய மண்ணில் அந்தக் கல்லும் டயரோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு வரும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், இதையேதான் சொல்வார்கள்.

பாதையில் துருத்திக்கொண்டிருந்த பாறை ஒன்று அடியில் இடித்து, ஹேண்ட் பிரேக் கேபிளைத் தாங்குகிற பிராக்கெட் வளைந்து, கேபிளின் மேலுறையும் கிழிந்துவிட்டது. அதற்கு முன்பிருந்தே பிடி குறைவாகத்தான் இருந்தது. முதலில் வேறு ஒரு ஊரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். லைனர் (டிரம்மை உரசிப் பிடிக்கிற பட்டை) மாற்றினார்கள், பிராக்கெட்டை நிமிர்த்தினார்கள், கேபிளை இறுக்கினார்கள், காசு வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாள் நன்றாகப் பிடித்தது. அப்புறம் பழையபடி கைப்பிடி முழுசாக வெளியே வரும், வண்டி மெதுவாக நகரும். திரும்பப் போனால் திரும்பவும் கேபிளை இறுக்குவார்கள். ஏன் இப்படி ஆகிறது என்று அங்கே ஒருவரும் கீழே படுத்துப் பார்க்கவில்லை. என் ஆத்திரம் அதில்தான்.

இந்த மாதிரி ஜீப் வைத்திருக்காதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கார்களில், புது மகிந்திரா தாரில், மாருதி ஜிம்னியில் எல்லாம் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்து பிரேக்கைப் பிடிக்கும். பழைய ஜீப்பில் அப்படி இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்து வில்லிஸ் ஜீப்பிலிருந்து வந்த அமைப்பு இது. கியர் பாக்ஸ் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். அதன் பின்பக்கம், பின் ஆக்சிலுக்குப் போகிற புரொப்பல்லர் ஷாஃப்ட் என்கிற தண்டு தொடங்குகிற இடத்தில், தனியாக ஒரு சின்ன டிரம் இருக்கும். ஹேண்ட் பிரேக் இழுத்தால் அந்த டிரம்மைத்தான் பிடிக்கும், அதாவது ஷாஃப்ட்டையே பூட்டிவிடும். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரிலும் இதே முறைதான். கால் பிரேக்குக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, அது ஆயிலில் வேலை செய்கிறது, இது வெறும் கேபிள். இந்த அமைப்பில் ஒரு பெரிய நன்மை, டிரம் சக்கரத்தில் இல்லாததால் ஓடையில் இறங்கினாலும் சேறு அவ்வளவு சீக்கிரம் உள்ளே போகாது. கெட்டதும் அந்த இடத்தாலேயே வருகிறது. டிரம்முக்கு ஒட்டி முன்னாலேயே கியர் ஆயில் நிறைந்த டிரான்ஸ்ஃபர் கேஸ், நடுவில் தடுப்பு ஒரே ஒரு ஆயில் சீல். அந்தச் சீல் போனால் ஆயில் நேராக லைனர் மேல்தான் வடியும். ஆயில் குடித்த லைனர் என்ன இறுக்கினாலும் பிடிக்காது.

இந்தப் பட்டறை அண்ணனிடம் வண்டியை நிறுத்தியதும் அவர் கைப்பிடியைத் தொடவே இல்லை. நேராகக் கீழே படுத்து டிரம்மின் அடி விளிம்பை விரலால் வழித்து முகர்ந்து பார்த்தார். "தம்பி, இது கேபிள் வேல இல்ல, ஆயில் வருது. லைனர் மாத்துனவங்க சீலப் பாக்கலியா?" என்றார். நான் இல்லை என்றேன். "அப்ப மறுபடி லைனர் போட்டாலும் இதே கதிதான், முழுசா இறக்கிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தார்.

புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி, டிரம்மை எடுத்து, ஷாஃப்ட்டை மாட்டுகிற முனையான யோக்கின் பெரிய நட்டிலிருந்து ஸ்பிளிட் பின்னை உருவி, யோக்கை வெளியே இழுத்துத் துடைத்துக் கையில் கொடுத்தார். சீல் உட்காருகிற வழவழப்பான பகுதியில் நகத்தை வைத்து இழுக்கச் சொன்னார். நகம் ஒரு இடத்தில் மாட்டி நின்றது. கண்ணுக்குப் பளபளப்பாகத்தான் தெரிகிறது, ஆனால் சீலின் உதடு வருடக்கணக்கில் ஒரே இடத்தில் உரசி உரசி அங்கே வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. புதுச் சீல் போட்டாலும் அந்தப் பள்ளத்தின் வழியாக ஆயில் வரும். இதற்கு வழி இரண்டு. லேத்தில் யோக்கைக் கொஞ்சம் கடைந்து, மேலே ஸ்லீவ் என்கிற வளையத்தை ஏற்றி, பழைய அளவுக்கே கடைந்து பாலிஷ் போடுவது ஒன்று. இல்லையென்றால் புது யோக் வாங்குவது. இரண்டையும் சொல்லி, இரண்டின் செலவையும் சொல்லி, முடிவை என்னிடம் விட்டார். நான் ஸ்லீவ் போடச் சொன்னேன். பக்கத்திலேயே கடைசல் பட்டறை இருக்கிறது, வேலை சுத்தமாக வந்தது.

இத்தோடு விட்டிருந்தாலே நான் திருப்தியாகப் போயிருப்பேன். ஆனால் அவர் சீல் ஏன் இவ்வளவு ஒழுகியது என்று இன்னும் ஒரு படி உள்ளே போனார். டிரான்ஸ்ஃபர் கேஸில் மூச்சு விடுவதற்கு பிரீதர் என்று ஒன்று இருக்கும். ஓடும்போது உள்ளே ஆயில் சூடாகும், காற்று விரியும், அது வெளியே போக வழி வேண்டும். பிரீதரைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார், காற்று போகவில்லை. ஊசியால் குத்தியபோது செம்மண் கட்டியாக வந்தது. சேற்றுப் பாதையில் ஓடும் வண்டி, பிரீதர் அடைத்துக்கொண்டால் உள்ளே சேரும் அழுத்தம் பலவீனமான இடம் எதுவோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். எங்கள் வண்டியில் அந்த இடம் பின் சீல். பிரீதரைச் சுத்தம் செய்து, அதிலிருந்து ஒரு ரப்பர் குழாயை மேலே பாடி வரைக்கும் கொண்டுபோய் வாயைக் கீழ்ப்பக்கமாக வளைத்து கிளாம்ப் போட்டுக் கொடுத்தார். இனி ஓடையில் இறங்கினாலும் தண்ணீரும் சேறும் அதற்குள் போகாது. செலவு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லாத வேலை, ஆனால் என்னைக் கேட்டால் மொத்த வேலையிலும் இதுதான் முக்கியம். ஃபோர் வீல் வண்டி வைத்துக்கொண்டு சேற்றில் ஓட்டும் எல்லோரும், எந்த மாடலாக இருந்தாலும், பிரீதரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஆக்சிலுக்கும் தனியாக உண்டு.

லைனர் விஷயத்தில் இன்னொன்று. ஆயில் குடித்த லைனரைப் பெட்ரோலில் கழுவி, தீயில் காட்டித் திரும்பப் போடுகிற பழக்கம் நம் பக்கம் நிறைய இருக்கிறது. தயவுசெய்து அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். டிரம் சூடானதும் உள்ளே ஊறிய ஆயில் மறுபடி மேலே வரும். இங்கே கேட்காமலேயே புது லைனர் ரிவெட் அடித்தார்கள். டிரம்மில் கோடு விழுந்திருந்தது, கனம் இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டு லேசாக மட்டும் கடைந்தார்கள்.

கேபிளும் புதிது. பழையதையும் புதியதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு நீளம் சரிபார்த்த பிறகே மாட்டினார்கள். முன்பு சைலன்சர் பைப்பை ஒட்டிப் போன கேபிளைச் சேஸிஸின் உள்பக்கமாகக் கொண்டுபோனதால் இனிப் பாறை இடிக்கவும் வாய்ப்புக் குறைவு, சூட்டில் மேலுறை உருகவும் வாய்ப்புக் குறைவு. மேலுறை கிழிந்த கேபிளில் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்தால் பிடிக்காது என்பது மட்டுமில்லை, பிடித்த பிரேக் விடவும் விடாது, டிரம் தேய்ந்துகொண்டே ஓடும். அந்தச் சூட்டில் சீல் இறுகிப்போய் மறுபடி ஆயில் ஒழுகும்.

செட்டிங் செய்த முறையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறைய இடத்தில் இதைத்தான் தலைகீழாகச் செய்கிறார்கள். கேபிளை முழுக்கத் தளர்த்திவிட்டு, முதலில் டிரம்முக்கும் லைனர் பொருத்திய ஷூவுக்கும் இடைவெளி சரிசெய்து, நியூட்ரலில் இரண்டு பின் சக்கரத்தையும் தூக்கி ஷாஃப்ட்டைக் கையால் சுற்றி எங்கேயும் உரசவில்லை என்று பார்த்த பிறகு, கடைசியாகத்தான் கேபிள். தேய்ந்த ஷூவுக்கு ஈடுகட்ட கேபிளை இறுக்குவது வேலையே இல்லை, அது ஏமாற்று.

சோதனை செய்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பட்டறைக்குப் பக்கத்துச் சரிவில் வண்டியை நிறுத்தி, என் உரமூட்டைகளையும் ஏற்றச் சொல்லி, கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை மட்டும் இழுத்தார். டயருக்கும் தரைக்கும் சேர்த்துச் சாக்பீஸில் ஒரு கோடு போட்டார். "வாங்க, டீ குடிச்சுட்டு வந்து பாப்போம்." திரும்பி வந்தபோது கோடு அப்படியே நேராக இருந்தது. அதே சரிவில் வண்டியைத் திருப்பி நிறுத்தி மறுபடியும் ஒரு கோடு. வெறும் வண்டியைச் சமதளத்தில் தள்ளிப் பார்த்து "ஓகே சார்" என்று சாவி கொடுக்கும் இடங்களுக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அவர் சொன்ன சில விஷயங்களை இங்கேயே எழுதி வைக்கிறேன், பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு உதவும். இந்த வகை ஹேண்ட் பிரேக் இழுத்த பிறகு வண்டி முன்னும் பின்னும் லேசாக ஆடித்தான் நிற்கும், ஷாஃப்ட் ஜாயின்ட்டிலும், ஆக்சிலுக்குள் இருக்கிற கிரௌன் பல்சக்கரத்திலும் இருக்கிற தளர்வு அது, பயப்பட வேண்டாம். ஓடும்போது மட்டும் அவசரத்துக்குத் தவிர இழுக்கவே கூடாது, ஷாஃப்ட் ஒரேயடியாகப் பூட்டினால் ஜாயின்ட் உடையும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் இந்த ஹேண்ட் பிரேக் உங்களைக் காப்பாற்றாது. ஷாஃப்ட் பூட்டியிருந்தாலும் தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கிற சக்கரம் மறுபக்கம் உருளும், வண்டி ஜாக்கியை விட்டு இறங்கிவிடும். பஞ்சர் மாற்றும்போது ஃபோர் வீல் போட்டு, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். ஃபோர் வீல் போட்டால் அதே டிரம் முன் ஆக்சிலையும் சேர்த்துப் பிடிக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் மெயின் கியர் எதில் கிடந்தாலும் கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தாது என்பதையும் புதிதாக ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

செலவு சீல், லைனர், கேபிள், லேத் வேலை, கூலி எல்லாம் சேர்த்து 5,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வந்தது. மாற்றிய பழைய சாமான் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்தார்கள். முதலில் நான் கொடுத்த இடத்தில் இரண்டு தடவைக்கும் சேர்த்துப் போன காசை நினைத்தால் வயிறு எரிகிறது.

குறை இல்லாமல் இல்லை. சொன்ன நாளில் வண்டி கிடைக்காது, போன் செய்தால் எடுப்பதும் அபூர்வம். வாயால் சொல்லும் கணக்குத்தான், எழுதிய பில் வேண்டும் என்றால் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் எனக்கு மனதை உறுத்தியது வேறு. அங்கே வேலை பழகும் பையன் டிரம்மைத் திறந்ததும் காற்றுக் குழாயைப் பிடித்து லைனர் தூசியை ஊதுகிறான், முகத்தில் ஒரு துணிகூட இல்லை. பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்து ஆளைக் கொல்லலாம். தண்ணீர் தெளித்துத் துடைத்தால் தூசி அவ்வளவு பறக்காது. அண்ணனிடம் சொன்னேன், தலையாட்டினார். இதைப் படிக்கிற மற்ற வாடிக்கையாளர்களும் சொல்லுங்கள், பத்துப் பேர் சொன்னால் மாற்றிக்கொள்வார்.

புது தார், ஜிம்னி வேலையும் செய்கிறார்கள். நான் போயிருந்த சமயம் ஒரு தாரின் பின் டிரம்மைக் கழற்றியிருந்தார்கள், உள்ளே சேறு காய்ந்து சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது, ஷூவைத் தானாக அட்ஜஸ்ட் செய்கிற அமைப்பு அசையவே இல்லை. அந்த வண்டிகளில் கோளாறு பெரும்பாலும் அந்த இடத்தில்தான் என்றார், கேபிளை மட்டும் இறுக்கிப் பயன் இல்லை என்பது அங்கேயும் பொருந்தும்.

15 வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. (ஆர்டிஓ தகுதிச் சான்று) காட்டப் போகிறவர்கள் கடைசி வாரத்தில் ஓடி வராமல் முன்கூட்டியே வாருங்கள். ஏலக்காய் பறிப்பு மும்முரமாக இருக்கும் மாதங்களில் மலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் எல்லாம் இங்கேதான் நிற்கும், இடமே கிடைக்காது. ஏப்ரல், மே நல்ல சமயம். வண்டியின் அடிப்பகுதியை வாட்டர் சர்வீஸ் செய்துகொண்டு வாருங்கள், சேற்றோடு வந்தால் ஆயில் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே அரை நாள் போகும், பட்டறையில் கழுவும் வசதி கிடையாது.