மக்கு வேலைக்கு ஜப்பான் ஸ்டென்சில் தாள்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கீழக்கரையில் வீட்டிலேயே தஞ்சாவூர் பாணிப் படங்கள் செய்து கொடுக்கிறேன். இந்த வேலையில் நேரத்தைத் தின்பது சாமி முகமோ தங்க ரேக் என்னும் மெல்லிய தகட்டை ஒட்டுவதோ அல்ல. மண்டப வளைவிலும் ஓரக் கரையிலும் ஒரே பூவை, ஒரே மணி வரிசையைத் திரும்பத் திரும்ப மக்கில், அதாவது சாக் பவுடரும் பிசினும் குழைத்த பசையில், மேடாக எழுப்ப வேண்டியிருப்பதுதான். அதற்காகவே ஜப்பானிய ஸ்டென்சில் தாளுக்கு மாறினேன். இப்போது அது இல்லாமல் கரை வேலையில் கை வைப்பதில்லை.

கிமோனோ உடைத் துணிக்குச் சாயமிட ஜப்பானியர்கள் பரம்பரையாகப் பயன்படுத்தும் தாள் இது. சுசுகா நகரத்து ஷிரோகோ இந்த ஸ்டென்சில் வெட்டுக்குப் பேர்போன இடம். முசுக்கட்டை இனத்து மரப்பட்டைத் தாள்களை, நார் குறுக்கும் நெடுக்குமாக அமையும்படி அடுக்கி, பெர்சிமன் காயின் துவர்ப்புச் சாற்றால் ஒட்டிப் புகை போடுகிறார்கள். பொட்டலத்தைப் பிரித்ததும் அந்தப் புகை வாசம் அடிக்கும். ஈரம் பட்டாலும் தாள் ஊறிக் குழைந்து போகாது.

எங்கள் கடற்கரைக்கு இந்தக் குணம்தான் வேண்டும். உப்புக்காற்றில் சார்ட் அட்டை சீக்கிரமே நெளிந்துவிடும். ஓ.எச்.பி. ஷீட் என்னும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள் நெளியாது, ஆனால் வழுக்கும். மக்கு அடியில் கசிந்து இதழெல்லாம் தடித்துப் போகும். இந்தத் தாளைத் தண்ணீரில் நனைத்து, துணியில் ஒற்றிப் பலகையில் வைத்தால் அப்படியே படிகிறது. சாக் பவுடரையும் கருவேலம் பிசினையும் கெட்டித் தயிர் பதத்துக்குக் குழைத்து, தட்டைக் கத்தியால் ஒரே இழுப்பு. தாளை நேராக மேலே தூக்கினால் ஒவ்வொரு மணியும் ஓரம் சிதறாமல் நிற்கும். அப்புறம் உடனே அலசிவிட வேண்டும். காய்ந்த மக்கைச் சுரண்டினால் வெட்டிய ஓட்டைகளுக்கு நடுவே தாளைப் பிடித்து நிற்கும் மெல்லிய பாலங்கள் அறுந்துவிடும்.

குறை இல்லாமல் இல்லை. விலை அதிகம், வந்து சேரவும் நாளாகும். நடுவில் தனியாக நிற்கும் துண்டுகளைப் பிடிக்க ஜப்பானில் பட்டு வலை ஒட்டுவார்கள். மக்கு அதில் அடைத்துக்கொள்கிறது. அதனால் பாலம் விட்டே வெட்டுகிறேன், இடைவெளியைப் பிறகு தூரிகையால் நிரப்பிக்கொள்ளலாம். மக்கும் தாளின் கனத்துக்கு மேல் எழும்பாது. ரேக் ஒட்டிப் பஞ்சால் அழுத்தும்போது கரைக்கு அந்த உயரமே போதும். ஒட்டியாணம், கிரீடம், மாலைக்குப் போதாது. அவற்றை இன்றும் கையால்தான் எழுப்புகிறேன்.

மழைக்காலத்தில் சுருட்டி வைக்காதீர்கள். நன்றாக உலர்த்தி, இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவில் படுக்கையாக வையுங்கள்.