குடியிருக்க எந்த மலை: கொடைக்கானலா, கோத்தகிரியா?

மலையூரில் இரண்டு நாள் தங்குபவருக்குக் காட்சி போதும். அங்கேயே குடியேறுபவருக்கோ அந்தக் காட்சிக்கு நடுவே ரேஷன் கடை, மருத்துவமனை, மழைக்கால ஈரம், சீசன் நெரிசல் எல்லாம் சேர்ந்துதான் வாழ்க்கை. கொடைக்கானலிலும் கோத்தகிரியிலும் வாடகை வீட்டில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் இரண்டையும் இந்தக் கோணத்தில் அலசுகிறேன்.

வெளியில் நடமாடும் இன்பத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் கொடைக்கானலே முந்துகிறது. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் உருவாக்கிய ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. அதில் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், அலுத்தால் படகேறலாம். வனத்துறையின் அனுமதி பெற்றால் பேரிஜம் ஏரி வரை காட்டுவழியே போய் வரலாம். ஊருக்குள்ளேயே இத்தனை வசதி வேறு எந்தத் தமிழக மலையூரிலும் கிடைக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

கோத்தகிரியில் அப்படிப்பட்ட மையம் எதுவும் இல்லை. அங்குள்ள இன்பம் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) இன்னொரு ஹட்டிக்குப் போகும் ஒற்றையடிப் பாதைகளில் இருக்கிறது. நகரை ஒட்டிய லாங்வுட் சோலைக்காடு சுற்றுவட்டார ஊர்களுக்கு நீராதாரமும்கூட. அதன் ஓரமாக நடக்கும்போது காற்று சட்டெனக் குளிர்வதைத் தோலிலேயே உணரலாம். ஆனால் விடிந்தும் விடியாத பொழுதில் நடக்கப் போனால் தேயிலைச் செடிகளுக்குள் காட்டெருமை நிற்கும், சில நேரம் கரடியும் வரும் என்பதால், வெயில் ஏறிய பிறகு கிளம்புவதே அங்கு வழக்கம்.

இரண்டு ஊர்களையும் உண்மையில் பிரித்துக் காட்டுவது கூட்டம்தான். ஏப்ரல், மே மாதங்களில் கொடைக்கானலில் பால் வாங்கப் போனவர்கூட வாகன வரிசையில் சிக்கிக்கொள்ள நேரும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்ததும், 2025 ஏப்ரலிலிருந்து வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பு வந்ததும் இந்த நெருக்கடியால்தான். கோத்தகிரி இருக்கும் நீலகிரிக்கும் அப்போது இதுபோன்ற வரம்பு வந்தது. என்றாலும் பெரும்பாலானோர் ஊட்டிக்கும் குன்னூருக்குமே போய்விடுவதால், கோத்தகிரி மார்க்கெட் சீசனிலும் உள்ளூர்க்காரர்களின் மார்க்கெட்டாகவே இருக்கிறது.

குளிரைப் பொறுத்தவரை, ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலைவிட 1,800 மீட்டர் அளவில் இருக்கும் கோத்தகிரி வயதானவர்களுக்கு இதமானது. தொட்டபெட்டா மலைத்தொடர் தென்மேற்குப் பருவமழையின் வேகத்தைத் தடுத்துவிடுவதால் ஜூலை மாதமும் அங்கே கடுமையாக இருக்காது. வடகிழக்குப் பருவமழை இரண்டு ஊர்களையும் விடாது. நவம்பரில் துவைத்துப் போட்ட போர்வை மூன்று நாள் கழித்தும் ஈரமாகவே கிடக்கும், அலமாரியில் வைத்த தோல் செருப்பில் பூசணம் பூத்துவிடும். 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நினைவில் கொண்டு, வீடு பார்ப்பவர்கள் சன்னலுக்கு வெளியே தெரியும் பள்ளத்தாக்கைப் பார்ப்பதற்கு முன் வீட்டுக்குப் பின்னால் மண் வெட்டப்பட்ட சரிவைப் பார்க்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

மருத்துவத்தில் கோத்தகிரியின் கை ஓங்கியிருக்கிறது. ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது; மேட்டுப்பாளையம் வழியாகக் கோயம்புத்தூருக்கு இரண்டு மணி நேரத்தை ஒட்டிப் போய்விடலாம். கொடைக்கானலிலிருந்து பெரிய சிகிச்சைக்கு மதுரை வரை 120 கிலோமீட்டர் அளவுக்கு இறங்க வேண்டும். மலைப்பாதையில் மரம் விழுந்தால் அதுவும் நின்றுவிடும்.

பெற்றோரையும் உடன் வைத்துக்கொண்டிருப்பதால் கோத்தகிரியையே தேர்ந்தெடுத்தேன், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் முதல் படகு இறங்குவதற்கு முன், பனிமூட்டம் நீரைத் தொட்டுக்கொண்டு நகரும் நேரத்தில் கொடைக்கானல் ஏரிக்கரையில் நடந்த நடைக்கு ஈடாக இங்கே எதுவும் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.