கியர்பாக்ஸோடு பேசும் ஸ்கேனர்: வாங்கலாமா?

கையடக்கமான ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கணினியில் பதிவான கோளாறுகளை வாசிக்கும் கருவி) ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். இன்ஜினின் கோளாறுக் குறியீட்டை (கோடு) மட்டும் வாசிக்கும் சின்ன ரகம் இல்லை. கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் கணினியான டிசிஎம்மோடும் பேசும் ரகம். என் கியர்பாக்ஸ் இன்னும் வண்டியிலேயே இருப்பதற்கு இந்த ஒரு வித்தியாசம்தான் காரணம்.

என்னுடையது பழைய நான்கு கியர் ஆட்டோமேட்டிக், இன்ஜின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை. எடுத்தவுடன் ஒழுங்காக ஓடும். நன்றாகச் சூடேறிய பிறகு இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது ஆர்பிஎம் விர்ரென்று ஏறும், வேகம் கூடாது, அப்புறம் டமாரென்று ஒரு உதை. சில நேரம் எச்சரிக்கை விளக்கு எரிந்து மூன்றாவது கியரிலேயே நின்றுவிடும். ஒரு பட்டறையில் சின்ன ரீடரைச் செருகினார்கள். பி0700 என்ற கோடு வந்தது. "கிளட்ச் பிளேட் போச்சு, பாக்ஸையே மாத்தணும்" என்றார்கள்.

பி0700க்கு அந்த அர்த்தமே கிடையாது. டிசிஎம்மில் ஏதோ கோளாறு பதிவாகியிருக்கிறது, அங்கே போய்ப் பார் என்பதுதான் அது தரும் மொத்தத் தகவல். அதை மட்டும் வைத்துக்கொண்டு பாக்ஸை இறக்கச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இந்த ஸ்கேனரை மாட்டி டிசிஎம்முக்குள் போனதும் பி0756 கிடைத்தது: ஷிஃப்ட் சோலனாய்டு பி (கியர் மாற்ற எண்ணெய்ப் பாதையைத் திறந்து மூடும் மின்காந்த வால்வ்) சரியாக வேலை செய்யவில்லை. இதுவே பி0758 என்றிருந்தால் முதலில் வயரையும் சோலனாய்டுக்குள் இருக்கும் கம்பிச் சுருளையும் (காயில்) சந்தேகப்பட வேண்டும். 0756 என்றால் மின்சாரம் போகிறது, ஆனால் எதிர்பார்த்தபடி கியர் மாறவில்லை. வால்வ் சிக்கியிருக்கலாம், ஏடிஎஃப் (கியர்பாக்ஸ் எண்ணெய்) அழுக்காகவோ குறைவாகவோ இருக்கலாம், கிளட்சே தேய்ந்தும் இருக்கலாம். கோடு அதற்கு மேல் சொல்லாது.

மீதியைச் சொன்னது லைவ் டேட்டா, அதாவது வண்டி ஓடும்போதே வரும் அளவுகள். இந்தக் கருவிக்குக் கொடுத்த பணம் எனக்கு அங்கேதான் திரும்பக் கிடைத்தது. ஏடிஎஃப் வெப்பநிலை, டிசிஎம் கேட்கும் கியர், டர்பைன் வேகம் (கியர்பாக்ஸுக்குள் நுழையும் சுழற்சி), அவுட்புட் வேகம் (அதிலிருந்து வெளியேறும் சுழற்சி) ஆகிய நான்கையும் ஒரே கிராஃபில் போட்டேன். டர்பைன் வேகத்தை அவுட்புட் வேகத்தால் வகுத்தால் அந்த நொடியில் உண்மையில் விழுந்திருக்கும் கியரின் விகிதம் வந்துவிடும். என் பாக்ஸில் இரண்டாவது கியர் ஏறக்குறைய 1.55, மூன்றாவது 1.00. எண்ணெய் சூடாகாதபோது 1.55 சீராக 1.00க்கு இறங்கியது. 80 டிகிரியைத் தாண்டியதும் கதை மாறியது. மூன்றாவது கியருக்குக் கட்டளை போன பிறகு விகிதம் இறங்காமல் 1.55க்கும் மேலே தாவியது. அதாவது அந்தக் கணத்தில் எந்த கியரும் பிடிக்கவில்லை. பிறகு உதையோடு 1.00.

ஆனால் 1.00க்கு வந்த பிறகு, ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தாலும் அது அசையவே இல்லை. பட்டறையில் யாரும் பார்க்காத விஷயம் இது. பிளேட் தேய்ந்து வழுக்கியிருந்தால் பாரம் ஏறும்போது விகிதம் மிதந்திருக்க வேண்டும். இங்கே பிடிப்பு உறுதியாக இருந்தது, பிடிக்க எடுத்துக்கொண்ட நேரம்தான் அதிகம். ஆகவே குற்றம் கிளட்சில் இல்லை, அதற்கு அழுத்தம் அனுப்பும் வழியில்.

அடுத்து மல்டிமீட்டர். கனெக்டரில் சோலனாய்டின் மின்தடை கையேடு சொல்லும் 11 முதல் 15 ஓமுக்குள் இருந்தது. காயில் நலம். எண்ணெய்ப் பாத்திரத்தைக் கழற்றினால் ஏடிஎஃப் கருத்திருந்தது, ஆனால் கருகல் வாடை இல்லை. பாத்திரத்துக்குள் இருக்கும் காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை மட்டும். அது வழக்கமான தேய்மானம். செதில் செதிலாக உலோகம் கிடந்திருந்தால் நானே பாக்ஸை இறக்கியிருப்பேன். சோலனாய்டு பியைக் கழற்றி 12 வோல்ட் கொடுத்தால் மந்தமாக நகர்ந்தது. (இந்தச் சோதனை ஆன்-ஆஃப் வகைக்கு மட்டும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் லீனியர் சோலனாய்டின் மின்தடை குறைவு, நேராக பேட்டரியில் தொட்டால் காயில் கருகிவிடலாம்.) புது சோலனாய்டு, புது ஃபில்டர், கையேடு சொல்லும் அதே வகை ஏடிஎஃப், சரியான வெப்பநிலையில் அளவு பார்த்தல், வேலை முடிந்தது.

கடைசியில் இதே ஸ்கேனரில் அடாப்டேஷன் ரீசெட். பழைய சோலனாய்டின் சுணக்கத்துக்கு ஏற்ப டிசிஎம் பழகி வைத்திருந்ததை இது அழித்துவிடும். அதன்பின் மிதமாக மிதித்து ஓட்டியதில் கியர்கள் ஒவ்வொன்றாகச் சீராகின. இப்போது சூட்டிலும் 1.55 நேராக 1.00க்கு இறங்குகிறது. கிராஃபில் அந்தக் கோட்டைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

குறைகளும் உண்டு. ஏடிஎஃப் வெப்பநிலை இன்ஜின் பட்டியலில் இல்லாமல் உள்ளே எங்கோ ஒளிந்திருக்கிறது. கிராஃபில் நான்குக்கு மேல் சேர்த்தால் புள்ளிகள் தாமதமாக வருகின்றன. கியர் மாறும் அரை நொடியைப் பிடிக்க வேண்டுமென்றால் இரண்டாகக் குறைக்க வேண்டியிருக்கிறது. சோலனாய்டை ஸ்கேனரிலிருந்தே இயக்கிப் பார்க்கும் வசதி என் வண்டிக்கு வரவில்லை. சிவிடி வைத்திருப்பவர்களுக்கு நான் சொன்ன விகிதக் கணக்கு அப்படியே பொருந்தாது, அங்கே படிப்படியான கியர்களே கிடையாது.

வாங்குவதென்றால் பெட்டியில் போட்டிருக்கும் "எல்லா கார்களுக்கும்" என்பதை நம்ப வேண்டாம். உங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் டிசிஎம் கோடு, டர்பைன் வேகம், ஏடிஎஃப் வெப்பநிலை, அடாப்டேஷன் ரீசெட் ஆகிய நான்கும் உண்டா என்று கேளுங்கள். இவற்றில் டர்பைன் வேகம் இல்லையென்றால் அந்தக் கருவியை விட்டுவிடுங்கள்.