கொல்லையில் கேபிள் புதைக்க ஆள் கூப்பிடும் நியூ ஜெர்சிக்காரர்கள் கவனத்திற்கு

வீட்டுக்குப் பின்னால் தனியாக இருக்கும் கராஜை ஆபீஸ் அறையாக்கியவர்கள் இங்கே நிறையப் பேர். அங்கே இன்டர்நெட் வர புல்தரைக்கு அடியில் கோஆக்ஸ் கேபிள் ஓட வேண்டும். தெருவிலிருந்து வீடு வரைக்கும்தான் கேபிள் கம்பெனி வேலை, அதற்கு மேல் நம் பாடு. இதற்கு வந்த ஒரு கான்ட்ராக்டர் என்னிடம் 480 டாலர் வாங்கிக்கொண்டு போனார்.

மண்ணில் புதைப்பதற்கென்றே வரும் ஆர்ஜி-6 ரகக் கோஆக்ஸ், ஒரு அடி ஆழம், நடுவில் ஜாயின்ட் கிடையாது என்பது பேச்சு. புல் கலையாமல் முடித்திருந்தார். அப்புறம் மழை வந்தாலே மீட்டிங் அறுந்து போகும், வெயில் அடித்தால் சரியாகிவிடும். மோடம்கூட மாற்றிப் பார்த்தேன்.

வசந்தத்தில் புல்லின் வேருக்குக் காற்றுப் போக, மண்ணைத் துளைத்துப் பிடுங்கும் ஏரேஷன் மெஷினை ஓட்டினார்கள். அது பிடுங்குவது இரண்டு, மூன்று அங்குல மண்தான். அந்த மண்கட்டியோடு கேபிளின் கறுப்புத் தோலும் வந்தது!

தோண்டினால், பாதி வழியில் இரண்டு துண்டு கேபிளை ஜாயின்ட் போட்டு, மேலே சாதாரண எலக்ட்ரிக்கல் டேப் சுற்றியிருந்தது. டேப்பைப் பிரித்ததும் தண்ணீர் சொட்டியது. கனெக்டரில் பச்சைக் களிம்பு, உள்ளே இருந்த கம்பி வலை விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. புதைக்கிற கேபிளை வெட்டினால் தோலுக்கும் வலைக்கும் நடுவே பிசுபிசுவென்று ஜெல் கையில் ஒட்டும். தோல் கிழிந்தாலும் தண்ணீர் உள்ளே ஓடாமல் தடுப்பது அதுதான். இதில் அது மருந்துக்கும் இல்லை. வீட்டுச் சுவருக்குள் ஓட்டுகிற கேபிளைப் புதைத்திருக்கிறார்.

480 என்ற தொகைக்கும் காரணம் உண்டு. இந்த மாநிலத்தில் வீட்டை மேம்படுத்தும் வேலை 500 டாலரைத் தாண்டினால் எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம். இங்கே கான்ட்ராக்டர்களுக்கு மாநிலம் தரும், 13விஎச் என்று தொடங்கும் பதிவு எண்ணைக் கேட்டேன், போனை வைத்துவிட்டார். மாநில நுகர்வோர் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன்.

தோண்டும் முன் கூப்பிட வேண்டிய 811 என்ற போன் எண்ணுக்கும் அவர் சொல்லவில்லை. மூன்று வேலை நாள் முன்பே கூப்பிட்டால் இலவசமாக வந்து, மண்ணுக்கு அடியில் எது எந்த வழியில் போகிறது என்று தரையில் கோடு போட்டுத் தருவார்கள்: மின்சாரத்துக்குச் சிவப்பு, கேஸுக்கு மஞ்சள், கேபிள், டெலிபோனுக்கு ஆரஞ்சு. இந்த முறை நானே கூப்பிட்டேன். அவர் கேபிள் போட்ட வழியின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு! சொன்னபடி ஒரு அடி தோண்டாமல் ஏமாற்றியதே நல்லதாகப் போயிற்று. மீட்டருக்கு இந்தப் பக்கம் நாமே போட்ட பார்பெக்யூ கேஸ் லைன், ஸ்பிரிங்க்ளர் குழாய் எல்லாம் அவர்கள் கணக்கில் வராது, அதை நாம்தான் காட்ட வேண்டும்.

மறுபடி நானே போட்டேன். தட்டையான மண்வெட்டியை நேராக இறக்கி, முன்னும் பின்னும் ஆட்டினால் மண் பிளந்து வாய் திறக்கும். கேபிளை உள்ளே அமுக்கி, காலால் மிதித்தால் மூடிக்கொள்ளும். சிவப்புக் கோட்டின் அருகில் மட்டும் மண்வெட்டி வைக்காமல் கையால் பறித்தேன்.

ஆள் வைத்துத்தான் செய்வீர்கள் என்றால், பிளவை மூடும் முன் ஸ்கேலை விட்டு ஆழம் பாருங்கள். மிச்சக் கேபிளில் ஒரு துண்டு வெட்டித் தரச் சொல்லி, ஜெல் ஒட்டுகிறதா என்று பார்த்த பிறகு பர்ஸைத் திறவுங்கள்.