அந்தமானா, லட்சத்தீவா?

இரண்டும் கடல் நடுவே இருக்கும் யூனியன் பிரதேசங்கள்தான். எங்கே போவது என்று குழம்புகிறவர்கள் முதலில் நிலத்தைப் பாருங்கள்.

அந்தமான் நிக்கோபார்: 8,249 சதுர கிலோமீட்டர். கடலில் மூழ்கிய மலைத்தொடரின் உச்சிகள்தான் இந்தத் தீவுகள். சேடில் சிகரம் 732 மீட்டர்; பாரன் தீவில் உயிருள்ள எரிமலை.

லட்சத்தீவு: மொத்தமே 32 சதுர கிலோமீட்டர். எல்லாம் பவளத்திட்டு, மலையும் இல்லை, ஆறும் இல்லை. அகத்தி விமான ஓடுபாதையில் நின்றால் இரண்டு பக்கமும் கடல் தெரியும். அவ்வளவு ஒல்லியான தீவு!

மக்கள்தொகைதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். 2011 கணக்கெடுப்பில் அந்தமானில் 3.8 லட்சம் பேர், சதுர கிலோமீட்டருக்கு 46 பேர்தான். லட்சத்தீவில் வெறும் 64 ஆயிரம் பேர். ஆனால் நெருக்கம் 2,000-ஐத் தாண்டுகிறது. மக்கள் வாழ்வது பத்தே தீவுகளில்.

மொழி: அந்தமானில் வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு எல்லாம் காதில் விழும். லட்சத்தீவில் மலையாளம், மினிக்காயில் மட்டும் மஹல்.

பயணம்: அந்தமானுக்குச் சென்னையிலிருந்து நேரடி விமானம், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். லட்சத்தீவுக்குக் கொச்சி வழியாகப் போகலாம். ஆனால் இந்தியர்களுக்கும் முன் அனுமதி கட்டாயம்.

சரி, எது யாருக்கு? காடு, வரலாறு, பெரிய குடும்பம் என்றால் அந்தமான். அங்கும் பழங்குடியினரின் காப்புப் பகுதிகள் பக்கம் போகவே கூடாது, அது அவர்களின் உயிர்ப் பிரச்சினை. பவளப்பாறையும் தெளிந்த காயலும் அமைதியும் போதும் என்றால் லட்சத்தீவு.